நாலு சில்லுக்கும் மட்காட்

கோணாமலை செய்த காரில் குறை என்று சொல்ல இரண்டொன்றுதான் இருந்தது. எழுப்பினால் எழும்பாது. எழும்பினால் நிலைக்காது. மற்றப்படி நல்ல கார்.

அதன் எஞ்சின் ஏறாவூர் மீராசாஹிப்பின் பழைய இரும்புக் கொட்டிலில் வெகுகாலம் கிடந்தது. அதற்குள் ஒரு கோழி அடைகிடந்ததால் மீராசாஹிப்புக்கு அதை விற்க மனம் வரவில்லையாம். குஞ்சு பொரிக்கும்வரை கோணாமலை கொட்டில் வாசலில் காத்திருந்து வாங்கி வந்தார். கோழியின் சூடு இரும்பில் ஊறிப்போனதால் விடிகாலைக் குளிர் அந்த எஞ்சினை ஒன்றும் செய்வதில்லை என்று மண்முனைத் துறையில் பாதை தள்ளுகிறவர்கள் சொல்வார்கள். பாதை என்றால் நடக்கிற பாதையல்ல. வள்ளங்களுக்கு மேல் பலகை அடித்து, மாடு, வண்டில், மனிதர் எல்லாரையும் வாவியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுபோகிற மிதவை. அதைத் தள்ளுகிறவர்கள் பொய் சொல்வதில்லை. நாள் முழுதும் கம்பைத் தண்ணீரில் ஊன்றி நிற்கிறவனுக்குப் பொய் சொல்ல மூச்சு மிஞ்சாது.

எஞ்சினைப் பற்றி எவ்வளவு கதையும் கட்டலாம். காரின் கூட்டைப் பற்றிக் கட்டத் தேவையில்லை. கதவு முதிரை மரம், தரை முதிரை, கூரையைத் தாங்கிய கால்கள் முதிரை. எல்லாம் மகள் இராசாத்தியின் வீட்டுக்கென்று அறுத்து, கறையான் ஏறாமல் பரண் கட்டி அடுக்கி வைத்திருந்த முதிரை.

மனைவி கண்ணகையின் வயிறு எரிந்தது அங்கேதான்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெண்ணுக்கு ஒரு வீடு கட்டி, அந்த வீட்டுக்குள்தான் மாப்பிள்ளையை அழைப்பார்கள். கண்ணகை இருந்த வீடு அவளுடைய தாய் கொடுத்தது. கோணாமலை ஒரு பெட்டியோடு அதற்குள் வந்து சேர்ந்தவர். அதே வளவில் இராசாத்திக்கு எழும்ப வேண்டிய வீட்டுக்கு முளை அடித்துக் கயிறு கட்டியாயிற்று. கயிற்றுக்கு உள்ளே ஆடு மேய்ந்தது. கயிற்றுக்கு வெளியே, மாமரத்துக்குக் கீழே, வீட்டின் மரமெல்லாம் நாலு சில்லில் ஏறி நின்றது.

கோணாமலை மோசக்காரர் அல்ல. இளமையில் லொறி ஒன்றில் கிளீனராக நின்றவர். அதற்குப் பிறகு ஊரில் கலப்பைக்கும் வண்டிலுக்கும் மரவேலை செய்துகொண்டிருந்தவர். துறையில் இறங்குகிற சனம் வெல்லாவெளிக்கு நடந்து போவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கால் உளைந்தது. ஒரு கார் இருந்தால் அந்தச் சனத்தை ஏற்றி இறக்கலாம். வருகிற வரும்படியில் முதிரை வீடென்ன, கல்வீடே கட்டலாம். இப்படி யோசித்தவர் யோசித்ததோடு நின்றிருக்கலாம். கண்ணகை ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சடங்குக்குப் போய்த் திரும்புவதற்குள் பரண் வெறுமையாகிவிட்டது.

இராசாத்திக்குப் பேசின மாப்பிள்ளை நல்லரத்தினம் வெல்லாவெளிப் பெடியன். வாயில்லாத பிள்ளை. அவனுக்கும் சேர்த்து அவன் தாய் ஆச்சிப்பிள்ளைக்கு வாய் இருந்தது. அவள் சொல்லியனுப்பினாள்: வீடில்லாத வளவுக்கு மகனை அனுப்ப ஏலாது, ஆனாலும் சம்பந்தம் பேசின முகத்துக்காக ஆடி முடியும்வரை பார்ப்பாள், அதற்குள் அந்தச் சாமான் சட்டப்படி ஓடத் தொடங்கினால் சரி, இல்லாவிட்டால் பழுகாமத்தில் ஒரு பெண் இருக்கிறது, கதவு நிலை எல்லாம் போட்ட வீட்டோடு.

ஓடலாமா கூடாதா என்று சொல்கிறவர் மோட்டர் துரை. மட்டக்களப்பு டவுனில், வாவிக்கரைத் திடலில் கார்களை நிறுத்திப் பார்த்துச் சீட்டுக் கொடுக்கிறவர். ஆனி மாதம் கோணாமலை காரைக் கொண்டுபோய்க் காட்டினார். துரை பிறேக்கைப் பார்த்தார், சரி. விளக்கைப் பார்த்தார், சரி. ஹோனை அமுக்கினார், திடலில் நின்ற குதிரை ஒன்று திரும்பி நன்றாகப் பார்த்தது, அதுவும் சரி. பிறகு குனிந்து சில்லைப் பார்த்தார்.

“மட்காட் எங்கே?”

சில்லு வாரி இறைக்கிற சேறு தெருவில் போகிறவர்கள் மேல் படாமல், நாலு சில்லுக்கும் மேலே மூடி இருக்க வேண்டும். அதுதான் சட்டம். கோணாமலை பணிவாக ஒரு கேள்வி கேட்டார்: ஐயா, காய்ந்த கச்சான் காற்று வீசுகிற இந்தக் காலத்தில் நம்மட பக்கம் சேறு எங்கே கிடக்கிறது? துரை தமிழ் தெரிந்தவர். ஆனால் அளந்துதான் செலவழிப்பார். சட்டத்தில் கச்சானும் இல்லை, மாரியும் இல்லை என்றார். ஆடிக் கடைசியில் ஒருதரம் இந்தத் திடலுக்கு வருவேன், அதற்குப் பிறகு அடுத்த வருசம் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து கண்ணகைக்கு இருப்பில்லை.

கச்சான் அந்த வருசம் வெறி பிடித்து வீசியது. முற்றத்தைக் கூட்டினால் கூட்டின குப்பை அவளுக்கு முன்னே அடுப்படிக்குள் போய் இருந்தது. உலையில் அரிசி போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். கோணாமலை காருக்குக் கீழே கிடப்பார், கால் மட்டும் தெரியும். அந்தக் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பி உலைக்குப் போவாள். அத்தாங்கு வலையை எடுத்துக்கொண்டு இறால் வடிக்கத் தோணியில் போனாலும் மனம் வளவிலேயே நிற்கும். இராசாத்தி பாயிழைக்கிற பன்புல்லைக் கிழித்துக் கிழித்துப் போட்டாள். பாய் மட்டும் முடியவில்லை.

கோணாமலை முதலில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மட்காட் செய்தார். அதைப் பூட்டி ஊர்த்தெருவில் ஒரு ஓட்டம் ஓடினார். அந்தச் சத்தத்துக்கு வயல் வட்டையில் நின்ற எருமைகள் கட்டறுத்துக்கொண்டு போய், உன்னிச்சைக் காட்டுக்குள் புகுந்து, அங்கே இருந்த காட்டெருமைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குள் ஓடிவந்தன. எண்ணிக்கை கூடித் திரும்பியதால் எருமைக்காரர் எவரும் வழக்குக்குப் போகவில்லை. தகரம் மட்டும் வழியெல்லாம் கழன்று விழுந்தது.

அடுத்தது தோல். எருமைத் தோலை ஊறப்போட்டு, வளைத்துக் காயவைத்து, சில்லுக்கு மேலே இழுத்துக் கட்டினார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாய்கள் அதை வேறு விதமாகப் பார்த்தன. கார் தெருவில் இறங்கிய உடனே ஒரு நாய் வந்தது. கோயிலடி தாண்டுவதற்குள் ஊர் நாய் முழுதும் வந்தது. துறையடியில் அயலூர் நாய்களும் கலந்துகொண்டன. கோணாமலை வேகத்தைக் கூட்டினார். கூட்டிய வேகம் நாயின் வேகத்துக்குச் சற்றுக் குறைவு. திரும்பி வரும்போது நாலு சில்லும் பிறந்தமேனிக்கு இருந்தன. மெலிந்த கறுப்பு நாய் ஒன்று மட்டும், இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று காருக்குப் பின்னால் வந்து, அன்றிலிருந்து அந்த வளவிலேயே தங்கிவிட்டது.

கண்ணகை சிரிக்கவில்லை. ஆடி கழிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் வெயிலேறுகிற நேரம் அவள் வாவியிலிருந்து வந்து, தோணியைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டு, இறாலைக் கழுவி ஆணம் வைக்கப் போனாள். தேங்காய் துருவிக்கொண்டே எட்டிப் பார்த்தபோது, காருக்குக் கீழே கால் இல்லை. கரையில், கவிழ்ந்த தோணிக்குப் பக்கத்தில் கோணாமலை குந்தியிருந்தார். கையில் ஒரு நூல்.

அவள் துருவுபலகையை விட்டு எழும்பிப் போனாள்.

“என்னத்த அளக்கிறீங்க?”

“சும்மா. தோணிர அகலம் பார்த்தன்.”

“இம்பிட்டு வருசமும் பாராத அகலமா?”

கோணாமலை நூலை விரலில் சுற்றினார். “சில்லுக்கு மேல கவிழ்த்தா அச்சொட்டாப் பொருந்துது கண்ணகை. இதக் குறுக்கால துண்டு போட்டமெண்டா...” என்றார்.

ஒற்றை மரத்தில் குடைந்த தோணி. கண்ணகையின் தகப்பன் அவளுக்கென்று குடைந்து கொடுத்தது. இராசாத்தி நடக்கப் பழக முன்னம் அதற்குள் இருந்து வாவியைப் பார்த்தவள். வீட்டோடு அதுவும் மகளுக்குத்தான் என்று கண்ணகை மனதில் எழுதி வைத்திருந்தாள். அவள் தோணியின் முதுகில் கையை வைத்தாள். வெயிலில் சுட்டது. எடுக்காமல் வைத்துக்கொண்டே நின்றாள்.

“வெட்டின பிறகு அந்தத் துரை வேற என்னவும் கேட்டா?”

“கேட்கிறதுக்கு வேற ஒண்டும் இல்ல. எல்லாம் கேட்டு முடிச்சித்தார்.”

“இதுவும் சரிவராட்டி?”

கோணாமலை வாவிப் பக்கம் பார்த்தார். கச்சான் தண்ணீரைச் சுருட்டிச் சுருட்டிக் கரையில் எறிந்தது.

“மரத்தயும் எனக்கிட்டக் கேளாமத்தான் எடுத்தீங்க,” என்றாள் கண்ணகை. “இத எண்டாலும் கேக்கிறீங்களா, இல்லாட்டி நான் குளிக்கப் போற நேரம் பார்த்து வெட்டப் போறீங்களா?”

“கேக்கிறன்.”

“கேக்கிற மாதிரிக் கேளுங்க.”

கோணாமலை எழும்பி நின்றார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார், கோயிலில் நிற்கிற மாதிரி. “உன்ட தோணியத் தா கண்ணகை,” என்றார்.

“வாள எடுத்து வாங்க. மறுபக்கம் நான் பிடிக்கிறன். நீங்க தனிய அறுத்தா அதுவும் கோணலாத்தான் போகும்.”

இருவருமாக இழுவாள் பிடித்தார்கள். பூசணிக்காயை அரிகிற மாதிரித் தோணியை அரிந்தார்கள். வில்லாக வளைந்த முதல் துண்டைக் கையில் தூக்கிக் கோணாமலை தட்டிப் பார்த்தார். அது அவர் கையிலேயே இரண்டாகப் பிளந்தது. மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறது, குறுக்கே அரிந்தால் விறகுதான். இது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அறுத்தார்கள். இறால் ஆணம் அடுப்பில் பிடித்து மணத்தது. எவரும் போய் இறக்கவில்லை.

தகவல் எப்படியோ ஏறாவூருக்குப் போய், மீராசாஹிப் பழைய வண்டில் சில்லுப் பட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இரும்பைக் காய்ச்சி, தோணித் துண்டின் வளைவுக்கு வளைத்து, வெளியே ஒன்று உள்ளே ஒன்றாக வைத்து ஆணி இறுக்கினார்கள். மீராசாஹிப் வேலை முடிந்து கைகழுவி, பழஞ்சோறும் தயிரும் சாப்பிட்டுவிட்டுக் காரைச் சுற்றிப் பார்த்தார்.

“தங்கச்சி, ஒண்டு சொல்றன். இந்தக் கார் உடைஞ்சா உடையும், மட்காட் உடையாது. மட்காட்டுக்கு வேற கார் செஞ்சு பூட்டுங்க,” என்றார்.

பரிசோதனைக்குப் போகிற அன்று துறையடியில் ஆச்சிப்பிள்ளை நின்றாள். விடிய முன்னமே வெல்லாவெளியிலிருந்து மாட்டு வண்டிலில் வந்து, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே காருக்குள் ஏறிப் பின்னால் இருந்தாள். கண்ணகை அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதாயிற்று. சம்பந்தி ஆகப்போகிறவர்கள், ஆகாமலும் போகக்கூடியவர்கள். எனவே இருவரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நாலு பேர் சொல்றத நான் கேக்கிறல்ல மச்சாள்,” என்றாள் ஆச்சிப்பிள்ளை. “கண்ணால பார்த்தாத்தான் எனக்கு அடங்கும்.”

“பாருங்க,” என்றாள் கண்ணகை.

“இது ஆர்ர வீட்டு மரம்?” அவள் இருக்கைப் பலகையைத் தடவிக் கேட்டாள்.

“உங்கட மகன்ர.”

அதற்குப் பிறகு பாதை அக்கரை சேரும்வரை ஆச்சிப்பிள்ளை வெற்றிலை மட்டும்தான் மென்றாள். நிறுத்தினால் திரும்ப எழும்பாது என்று கோணாமலை எஞ்சினை நிறுத்தவில்லை. அந்த நடுக்கத்தில் பாதை தானாகவே அக்கரைக்கு ஊர்ந்து போயிற்றாம். தள்ளுகிறவர்கள் அன்றைக்குக் கம்பை மடியில் வைத்துக்கொண்டு சுருட்டுப் பிடித்தார்களாம். ஆரையம்பதியில் ஒரு கிழவர் காரைக் கண்டு தோணி தரையில் போகிறது என்று கும்பிட்டார். காத்தான்குடியில் நெசவுத் தறிகள் நின்றன. கல்லடிப் பாலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ள, கண்ணகை ஒரு கையால் முதிரைக் காலைப் பிடித்தாள். மற்றக் கையை அவள் அறியாமலே ஆச்சிப்பிள்ளை பிடித்திருந்தாள். பாலம் முடிந்ததும் இருவரும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

திடலில் துரை வெள்ளைக் காற்சட்டையோடு நின்றார். தோணித் துண்டுகளைப் பார்த்தார். சுற்றி வந்து மறுபடி பார்த்தார். விரலால் தட்டினார்; விரலை ஊதிக்கொண்டார். கையிலிருந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மரத்தால் செய்யக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. தோணியால் செய்யலாம் என்றும் இல்லை.

“சேற்றில் ஓட்டிக் காட்ட வேண்டும்,” என்றார் கடைசியில். “நான் சில்லுக்குப் பக்கத்தில் நிற்பேன். என்னுடைய காற்சட்டையில் ஒரு துளி பட்டாலும் சீட்டு இல்லை.”

ஆடி வெயிலில் திடல் ஓடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. சேறு செய்யத்தான் வேண்டும். கோணாமலை எஞ்சினை விட்டு இறங்க முடியாது; காலை எடுத்தால் அது செத்துவிடும். அவர் கண்ணகையைப் பார்த்தார். அவள் சேலையை வரிந்து செருகிக்கொண்டு இறங்கினாள். திடல் காவல்காரனிடம் மண்வெட்டி வாங்கி, வாவியோரத்துக் களிமண்ணை வெட்டிக் கடகத்தில் சுமந்து வந்து கொட்டினாள். தண்ணீரை ஊற்றினாள். ஒரு துளி என்று துரை சொன்ன சொல்லே காதுக்குள் நின்றது. இன்னும் ஊற்றப் போனாள்.

“இதென்னகா, மாட்டுக்குக் கஞ்சியா கரைக்கிறீங்க?” என்று பின்னால் கேட்டது.

ஆச்சிப்பிள்ளை காரை விட்டு இறங்கி நின்றாள். வெல்லாவெளியில் சுவருக்கு மண் மிதிக்கத் தெரியாத பெண் இல்லை. அங்கே சுவர் வைத்தால், யானை வந்து முதுகு உரஞ்சிவிட்டுப் போகும்போது தோல் கிழிவது யானைக்குத்தான். அவளுக்குத் தண்ணீராய் ஓடுகிற மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க இயலவில்லை. வெற்றிலையைத் துப்பினாள். செருப்பைக் கழற்றினாள். திடலோரத்தில் வண்டில் மாடுகளுக்குப் போட்டிருந்த வைக்கோலில் ஒரு கட்டும், பக்கத்திலே சாணியும் அள்ளி வந்து களியில் போட்டாள்.

“மிதியுங்க,” என்றாள்.

கண்ணகை மிதித்தாள். அவளுக்கும் அது பழகின வேலைதான். மாரி முடிந்தால் வருசா வருசம் சுவர் பூசுகிறவள். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்று மிதித்தார்கள். குதிக்கால் முதலில், பிறகு விரல். ஒருத்தி மிதித்த இடத்தை மற்றவள் புரட்டிப் போட்டாள். இந்தப் பக்கம் இறுக்கம் காணாது, இன்னும் ஒள்ளுப்பம் மிதிக்க வேணும் என்றாள் ஆச்சிப்பிள்ளை. வைக்கோலை இன்னும் சின்னதாக நறுக்கியிருக்க வேண்டும் என்றாள் கண்ணகை. நறுக்கின வைக்கோல் பிடிக்காது என்று அவள் சொல்ல, நீள வைக்கோல் வெடிக்கும் என்று இவள் சொல்ல, எதற்காக மிதிக்கிறோம் என்பது இருவருக்கும் மறந்தே போயிற்று. துரைக்கு ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். தேத்தண்ணியும் வந்தது. குடித்து முடித்தும் பெண்கள் நிறுத்தவில்லை. களி காலோடு எழும்பி, விட்ட உடனே அப்படியே படுத்தது. அதற்கு மேல் மிதிக்க ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரம் நிறுத்தினார்கள்.

துரை சில்லுப் போகிற தடத்தில் அதைப் பரப்பச் சொன்னார். தானே வந்து, எட்டுகிற தூரத்தில், வெள்ளைக் காற்சட்டையோடு நின்றார். கோணாமலை கண்ணை மூடிக்கொண்டு காரை விட்டார். கண்ணகையும் மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்கவில்லை. மெத்தையில் மாடு நடந்து போன மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தபோது சேற்றில் இரண்டு தடம், தச்சன் உளி வைத்து இழுத்த வாய்க்கால் மாதிரி, ஓரம் சிதறாமல் கிடந்தது. துரை தன் காற்சட்டையைப் பார்த்தார். முன்னால் பார்த்தார். பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். காவல்காரனையும் பார்க்கச் சொன்னார். ஒரு துளி இல்லை. திரும்பவும் வேகமாக ஓட்டச் சொன்னார். கோணாமலை வேகமாக ஓட்டினார். அப்போதும் இல்லை.

“கொழும்பில் ஓடுகிற கார்களும் இரண்டொரு துளி தெறிக்கும்,” என்றார் துரை. குரலில் ஏதோ ஒரு மரியாதை வந்திருந்தது. “நல்ல மட்காட்.” காரின் மூக்கில் வைத்தே சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

சீட்டை வாங்கிய கோணாமலை சந்தோசத்தில் காலை எடுத்துவிட்டார். எஞ்சின் செத்தது. அது சாகிற வரைக்கும் காத்திருந்த மாதிரி, சில்லிலே சுற்றி மட்காட்டுக்குள் ஏறியிருந்த களி, ஆடி வெயிலும் கச்சானும் சேர்ந்து அடித்ததில் இறுகத் தொடங்கியது. தள்ளிப் பார்த்தால் சில்லு அசையவில்லை. தோணித் துண்டுக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பி நின்றது. கோணாமலை காவல்காரனின் மண்வெட்டியை இரண்டாம் தரம் வாங்கி, மல்லாந்து கிடந்து கொத்தத் தொடங்கினார். மண்வெட்டி துள்ளியது.

உடைந்து விழுந்த கட்டி ஒன்றை ஆச்சிப்பிள்ளை எடுத்தாள். கையில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். கல்லில் தட்டிப் பார்த்தாள். மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தும் பார்த்தாள். கண்ணகை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். துரையின் முகத்தைக்கூட அவள் அப்படிப் பார்த்திருக்கவில்லை.

“பழுகாமத்தாள்ர சுவரில விரலப் போட்டா உள்ளுக்குப் போகுது மச்சாள்,” என்றாள் ஆச்சிப்பிள்ளை. “கதவு மட்டும் முதிரை. கதவ வச்சி என்ன செய்யிற?”

கண்ணகை காலில் ஒட்டியிருந்த களியைத் தேய்த்து உதிர்த்தாள்.

“ஆவணி பிறந்த உடன வீட்டுக்கு மண் வெட்டச் சொல்லுங்க. மரம் இல்லாட்டிக் காட்டுக்கம்பு போதும். நானும் வாறன் மிதிக்க. வைக்கோல் என்ட வயல்ல இரிக்கி, நீங்க ஆருக்கிட்டயும் போகத் தேவல்ல.”

“நறுக்கித்தான் போடுவன்,” என்றாள் கண்ணகை.

“உங்கட வளவு. உங்கட மகள். நறுக்குங்க.”

“அப்ப வைக்கோலுக்கு வண்டில் அனுப்பட்டா?”

ஆச்சிப்பிள்ளை கட்டியைத் தூக்கி எறியவில்லை. வெற்றிலைப் பைக்குப் பக்கத்தில், முந்தானையில் முடிந்துகொண்டாள். “கார் உள்ள ஆக்களுக்கு வண்டில் என்னத்துக்குகா?” என்றாள். “காரையே அனுப்புங்க.”

கண்ணகைக்கு அந்த ஆடி மாதத்திலேயே முதல் தடவையாக எங்காவது ஒரு இடத்தில் சற்று இருக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் கோணாமலை அதற்குள் சில்லை விடுவித்துவிட்டார். காரைத் தள்ள வேண்டியிருந்தது.